முப்பத்து நாலாயிரம் ரூபாய் நிசப்தம்

இனிமேல் நிம்மதியாக வாழ்வது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சுரேந்தர் முடிவெடுத்தான். முடிவை வாய்விட்டுத்தான் சொன்னான். யாருக்கும் கேட்கவில்லை. கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் கிரைண்டரைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். கெலவரப்பள்ளிப் பக்கம் மெஸ் நடத்தி மூடிவிட்டுப் போன ஒருவரிடம் சுரேந்தரின் மனைவி மாதேஸ்வரி அதைப் பழைய விலைக்கு வாங்கியிருந்தாள். பத்து லிட்டர் கல். அதில் மாவரைத்து, ஓசூர் சிப்காட்டைச் சுற்றி ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற கம்பெனிப் பையன்களுக்கு பாக்கெட் போட்டு விற்றாள். மதுரைக்காரன், தென்காசிக்காரன், ஒடிசாக்காரன், யாராக இருந்தாலும் காலையில் அவனுக்கு தோசை வேண்டும். வீட்டு வாடகை அந்த மாவிலிருந்துதான் போயிற்று. ஆகவே கிரைண்டரைக் குறை சொல்ல சுரேந்தருக்கு வாய் இருந்தது, உரிமை இல்லை.

சத்தம் என்றால் சாதாரணச் சத்தமில்லை. டிப்பர் லாரி சமையலறைக்குள் வந்து ஜல்லி கொட்டுகிற சத்தம். சுரேந்தருக்கு வேலை வண்டிப் பாகங்கள் செய்கிற கம்பெனியில், பிரஸ் ஷாப்பில். பகலெல்லாம் தகடு அடிக்கிற இரைச்சல். அங்கேயாவது காது மூடி கொடுத்தார்கள். சேஃப்டி கமிட்டியில் அவன் ஓர் உறுப்பினர்கூட. வீட்டுக்கு வந்தால் ஐந்தரை மணியிலிருந்து எட்டு மணி வரை கிரைண்டர். இங்கே கமிட்டியும் இல்லை, காது மூடியும் இல்லை.

ஆனால் ஓர் உபகாரம் இருந்தது.

"ஏங்க, சிலிண்டர் புக் பண்ணீங்களா?"

"கிரைண்டர் சத்தத்துல காதுல விழல மாது."

இந்த ஒற்றை வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஆறு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறான் மனிதன். அதன் அருமை கைவிட்டுப் போன பிறகுதான் தெரிந்தது.

மாதேஸ்வரிக்கும் கிரைண்டர் மேல் ஒரு மனக்குறை உண்டு. "புதுசா ஒண்ணு வந்திருக்குதாம். சத்தமே இல்லியாம். இருபத்திரெண்டாயிரம்தான்" என்று மாதத்துக்கு ஒருமுறை சொல்வாள்.

"பழசு நல்லாத்தான ஓடுது? கையில ஏது மாது காசு?" என்பான் இவன். இது மட்டும் எந்தச் சத்தத்திலும் அவன் காதில் விழுந்துவிடும்.

கையில் காசு இருந்தது. ஒரு வருஷமாக ஓவர்டைம் பார்த்து, வேறொரு பாங்கில் ஒதுக்கி வைத்திருந்தான். அதைச் செலவழிக்க வழி காட்டியவன் கூட வேலை செய்யும் ஜெகதீஷ். ஹெட்போன் விமர்சன வீடியோக்களை விடிய விடியப் பார்க்கிறவன். சொந்தமாக அவனிடம் ஹெட்போன் கிடையாது, ஞானம் மட்டும் உண்டு.

"மச்சான், நாய்ஸ் கேன்சலிங்னு ஒண்ணு இருக்குது. போட்டேன்னா உலகமே செத்துடும்."

"எத்தினி?"

"முப்பத்தி நாலு."

"நூறா?"

"ஆயிரம்டா."

"ரெண்டாயிரத்துக்கே கெடைக்குதேடா!"

"அது இரைச்சலக் கொறைக்கும். இது கொன்னுடும். எது வேணும்னு நீயே சொல்லு."

சுரேந்தர் கொலையைத் தேர்ந்தெடுத்தான். பார்சல் ஜெகதீஷ் ரூமுக்கு வந்தது. அட்டைப்பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு, பொருளை மட்டும் டிபன் பையில் போட்டு எடுத்துவந்தான்.

"என்னாங்க அது?" என்றாள் மாதேஸ்வரி.

"கம்பெனியில குடுத்தாங்க. காது மூடி. சேஃப்டிக்கு. புது மாடல்."

"ஓசியா?"

"ஓசிதான்."

அவள் அழுத்திப் பார்த்தாள். "தலகாணி மாதிரி மெத்துன்னு இருக்குதே. நல்ல கம்பெனி" என்று சொல்லிவிட்டு உளுந்து அள்ளப் போய்விட்டாள். பொய் இவ்வளவு சுலபமாக விலைபோகும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

கிரைண்டர் ஓட ஆரம்பித்தது. சுரேந்தர் ஹெட்போனை மாட்டிப் பொத்தானை அமுக்கினான். கிரைண்டர் காணாமல் போயிற்று. கல் சுற்றுகிறது, மாவு பொங்குகிறது, சத்தம் மட்டும் இல்லை. அவனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. கொடுத்த காசு தகும், தகும் என்று நாற்காலியில் சாய்ந்தான்.

"ஏங்க, தேங்கா வாங்கியாரச் சொன்னேனே, எங்க?"

துள்ளி எழுந்தான். இந்தக் கருவி மோட்டாரை அடைக்கும், மின்விசிறியை அடைக்கும், மனிதக் குரலை அவ்வளவாக அடைக்காது. ஜெகதீஷ் அதைச் சொல்லவில்லை. ஆறு வருஷமாகக் கிரைண்டர் சத்தத்தில் கலந்து வந்த மாதேஸ்வரியின் குரல், இப்போது புடைத்த அரிசி மாதிரி ஒரு கல், ஒரு உமி இல்லாமல் வந்து விழுந்தது.

"காதுல விழல மாது" என்றான் பழக்கதோஷத்தில்.

"விழாமயா துள்ளுனீங்க?"

தேங்காய் வாங்கப் போனான். மறுநாள் சிலிண்டர் புக் செய்தான். அதற்கடுத்த நாள் கரண்ட் பில் கட்டினான். முப்பத்து நாலாயிரம் கொடுத்து மனைவி சொல்வதைத் தெளிவாகக் கேட்கும் வசதியை வாங்கியிருக்கிறோம் என்று அவனுக்குப் புரிந்தது. சரி, பாட்டாவது கேட்கலாமே என்று மொட்டை மாடியைத் தஞ்சம் அடைந்தான். அங்கே குளிர்காற்றும் பாட்டுமாக ஒரு வாரம் சொர்க்கமாகப் போயிற்று. அங்கேதான் விதியும் காத்திருந்தது.

ஜெகதீஷ் போன் செய்தான். சுரேந்தர் ஹெட்போனைக் கழற்றாமலே பேசினான். ரகசியம் பேசுவதாகத்தான் அவன் நினைப்பு. ஆனால் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டவனுக்குத் தன் குரலின் அளவு தெரியுமா? கோயில் திருவிழாவில் காணாமல் போன குழந்தையை அறிவிக்கிறவர் மாதிரி தொண்டையைத் திறந்துவிட்டான்.

"மெதுவாப் பேசு மச்சான்! மாதேஸ்வரிக்குத் தெரியாது! முப்பத்தி நாலாயிரம்னு சொன்னா என்னையும் சேத்து மாவா அரைச்சிடுவா! கம்பெனி குடுத்ததுன்னு காதுல பூ சுத்திட்டேன்!"

எதிர் வீட்டில் ஜன்னல் திறந்தது. கீழே மாவு வாங்க வந்த நாலு பையன்கள் அண்ணாந்து பார்த்தார்கள். பக்கத்து வீட்டு ராஜலட்சுமி அக்கா காய்ந்த துணியை எடுக்க வந்தவள், கிளிப்பைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டாள். மாதேஸ்வரி கிரைண்டரை நிறுத்திவிட்டு மிச்சத்தையும் நிதானமாகக் கேட்டாள்.

"ஏன் மாது, கேட்டுதா?" என்றாள் ராஜலட்சுமி அக்கா சுவருக்கு மேலாக.

"கேட்டுது அக்கா."

"நீ கேக்க மாட்டியா?"

"கேப்பேன் அக்கா. ஆயுத பூஜை வருதில்ல."

சண்டை போடுகிற மனைவியைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதே இல்லை. சும்மா இருக்கிறவள்தான் ஆபத்து. மாதேஸ்வரி இரண்டு வாரம் சும்மா இருந்தாள். "கம்பெனிப் பொருள மறந்துட்டுப் போறீங்களே" என்று தினம் காலையில் ஹெட்போனை டிபன் பையில் வைத்து அனுப்பினாள். கம்பெனி கேட்டில் இதையெல்லாம் உள்ளே விடமாட்டார்கள். தினமும் அதை டீக்கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனான். டீக்கடைக்காரர் அதைப் போட்டுக்கொண்டு பால் காய்ச்சினார்.

ஆயுத பூஜை வந்தது. ஓசூரில் தீபாவளியைவிட அதற்குத்தான் மவுசு. பிரஸ் மெஷினுக்கெல்லாம் வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, ஸ்வீட் பாக்ஸும் ஒரு எவர்சில்வர் டப்பாவும் கொடுத்து மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். சுரேந்தர் டப்பாவும் கையுமாக வீட்டுக்கு வந்தான்.

வீட்டுப் பூஜை தயாராக இருந்தது. கிரைண்டர் குளித்து, சாமந்திமாலை போட்டுக்கொண்டிருந்தது. தராசு, அரிவாள்மனை, கத்தரிக்கோல், ஸ்கூட்டர் சாவி எல்லாம் வரிசையாக இருந்தன. நட்டநடுவில் மணைப்பலகை. அதன்மேல் ஹெட்போன். பிரசாதம் வாங்க வந்த ராஜலட்சுமி அக்கா கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். மாதேஸ்வரி சந்தனத்தை மளமளவென்று குழைத்து மூன்று விரலில் எடுத்தாள்.

"மாது! அதுக்கு வேணாம்!"

"ஏன்? தொழில் பொருளுதான?"

"தொழில் பொருளுதான். ஆனா சந்தனம் ஆகாது."

"பிரஸ் மெஷினுக்கே வெக்கிறீங்க. காது மூடிக்கு ஆகாதா?"

"ஈரம் பட்டா மைக் அடைச்சிக்கும்!"

விரல் அந்தரத்தில் நின்றது.

"காது மூடிக்கு என்னாத்துக்கு மைக்?"

"அது... சூப்பர்வைசர் கூட பேசறதுக்கு."

"எங்க இருக்குதுன்னு காட்டுங்க. விட்டுட்டு வெக்கிறேன்."

காட்டினான். இங்கே ஒன்று, அங்கே ஒன்று, இந்தப் பக்கம் இரண்டு, அடுத்த காதிலும் அதே மாதிரி நாலு.

"எட்டு மைக்கா! உங்க சூப்பர்வைசருக்கு எத்தினி வாயி?"

ராஜலட்சுமி அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மாதேஸ்வரி சந்தனத்தைக் கிண்ணத்திலேயே வழித்துவிட்டு எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்தாள்.

"சந்தனத்த வேணா விட்டுடலாங்க. திருஷ்டி கழிக்காம விடக்கூடாது. ஸ்கூட்டருக்கு சக்கரத்துக்கு அடியில வெச்சு ஏத்தறோமில்ல? இதுக்கு அடியில வெச்சு ஒரே அமுக்கு."

பழம் ஹெட்போனுக்கு அடியில் போயிற்று. உள்ளங்கை மேலே வந்தது.

"அய்யோ, முப்பத்தி நாலாயிரம்டீ அது!"

இந்த முறை காதில் எதுவும் இல்லாமலே தெரு முழுக்கக் கேட்டது.

"தெரியுமே" என்றாள் மாதேஸ்வரி. "எனக்கு எப்பவோ காது குத்தியாச்சுங்க, நீங்க புதுசாக் குத்த வேணாம். நீங்க மாடியில கத்துன அன்னிக்கே தெருவுக்குத் தெரியும். மாவு வாங்க வர்ற பசங்க நம்ம வீட்டுக்கு 'முப்பத்தி நாலு வீடு'ன்னு அடையாளம் சொல்றானுங்க."

சுரேந்தருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இருபத்திரண்டாயிரத்துக்கு அவள் எத்தனை முறை கேட்டாள் என்பதும், தான் என்ன பதில் சொன்னோம் என்பதும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. இடி விழும் என்று தலையைக் குனிந்து காத்திருந்தான். விழவில்லை.

"ஓவர்டைம் பாத்தது நீங்க, வாங்குனது நீங்க. அதுல நான் ஒண்ணும் சொல்லல" என்றாள் அவள். "ஆனா ஒரு முடிவு சொல்லிடுங்க. இது கம்பெனிப் பொருளா, சொந்தப் பொருளா? கம்பெனிப் பொருளுன்னா கம்பெனி சட்டம். சொந்தப் பொருளுன்னா என் சட்டம்."

அவள் சட்டம் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். கம்பெனி சட்டமோ அவனுக்கு மனப்பாடம். தப்பித்தோம் என்று மூச்சு விட்டான்.

"கம்பெனி சட்டமே இருக்கட்டும் மாது."

"அக்கா, நீங்க சாட்சி. சரி, கம்பெனி சட்டப்படி காது மூடி யாருக்கு?"

சேஃப்டி கமிட்டி உறுப்பினருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "சத்தம் போடற மெஷினுக்குப் பக்கத்துல நின்னு வேல செய்றவங்களுக்கு. கண்டிப்பாப் போட்டே ஆகணும். மத்தவங்க தொடவே கூடாது" என்று ஒப்பித்தான். ஒப்பித்து முடித்த பிறகுதான் யோசித்தான்.

"இந்த வீட்ல சத்தம் போடற மெஷினு எது? பக்கத்துல நிக்கறது யாரு?"

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து மாதேஸ்வரி ஹெட்போனை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு கிரைண்டரைப் போட்டாள். கல் சுற்றியது. அவள் முகத்தில் முதலில் திகைப்பு, பிறகு மெல்ல ஒரு சிரிப்பு. "அப்பா, என்னா அமைதி" என்றாள் தனக்குத்தானே. ஆறு வருஷமாக அந்த இரைச்சலுக்கு ஓர் அடி தள்ளி வெறும் காதோடு நின்றவள் அவள் என்பது சுரேந்தருக்கு அப்போதுதான் உறைத்தது. மனசு கரைந்துவிட்டது. கூடவே மூளையும் வேலை செய்தது. சத்தமே இல்லாவிட்டால் காது மூடி எதற்கு? தானாகக் கைக்கு வந்துவிடுமே!

தீபாவளி போனஸில் இருபத்திரண்டாயிரம் எடுத்துப் புதுக் கிரைண்டரை வாங்கி வந்து இறக்கினான். அது பூனை மாதிரி குறுகுறுவென்று ஓடியது. மாதேஸ்வரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கேசரி செய்தாள். சுரேந்தர் கேசரியைத் தின்றுவிட்டுக் கையை நீட்டினான்.

"சத்தம்தான் போயிடுச்சே. இனிமே என்னாத்துக்கு? குடு."

"எங்க போச்சு? பழசு நல்லாத்தான ஓடுது, அத என்னாத்துக்கு விக்கணும்? ரெண்டும் ஓடட்டும். இன்னும் ரெண்டு தெருவுல மாவு கேக்கறாங்க. நான் பழசப் பாத்துக்கறேன், நீங்க புதுசப் பாத்துக்கங்க."

"அப்ப எனக்குக் காது மூடி?"

"சத்தம் போடாத மெஷினுக்கு ஏதுங்க காது மூடி? கம்பெனி சட்டம்."

இப்போது தினமும் ஐந்தரை மணியிலிருந்து எட்டு மணி வரை சுரேந்தர் மாவு தள்ளுகிறான். நன்றாகவே தள்ளுகிறான், அவன் மாவில் தோசை முறுகலாக வருகிறது என்று பையன்கள் சொல்வதில் அவனுக்கு உள்ளூரப் பெருமையும் உண்டு. ஆனால் வாய் சும்மா இருப்பதில்லை. முப்பத்தி நாலும் இருபத்திரெண்டும் அம்பத்தாறு, கடைசியில கையில மாவு, யார்கிட்டச் சொல்ல என்று அடித்தொண்டையில் ஒரே புலம்பல்.

ஒருநாள் மாவு வாங்க வந்த ராஜலட்சுமி அக்கா அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மாதேஸ்வரியின் தோளைத் தட்டினாள்.

"நிஜமாச் சொல்லு மாது. அவ்ளோ காசு குடுத்து வாங்கற பொருளா இது?"

மாதேஸ்வரி ஒரு பக்கக் காதை மட்டும் தூக்கினாள்.

"தாராளமாக் குடுக்கலாம் அக்கா. ஒரே மாதிரி ஓடிட்டே இருக்கற சத்தத்த மட்டும் பாத்து அடைக்குது. கிரைண்டரும் கேக்கல, இவரும் கேக்கல."