இடக்காலுக்கு ஒரே வேலை

"மேடம், நான் பிரேக்கை மிதிக்கச் சொன்னேன்."

"மிதிச்சேனே சார்."

"நீங்க மிதிச்சது ஆக்சிலரேட்டர். அதனாலதான் நாம இப்ப பூச்செடிக்குள்ள இருக்கோம்."

சாலை நடுவிலிருந்த பூங்காத் திட்டின்மேல் முன்சக்கரம் இரண்டையும் ஏற்றிக்கொண்டு கார் நின்றது. வைப்பரில் ஒரு கிளை சிக்கியிருந்தது. தன் அக்கா நடத்தும் டிரைவிங் ஸ்கூலில் மீசை நரைக்கும்வரை பாடம் எடுத்தவர் கியர் மாஸ்டர். ஆனால் மருந்துக்கடை மேடத்தைப் போல ஒரு மாணவி அவருக்கு வாய்த்ததில்லை. கடையில் இருக்கும் அத்தனை மாத்திரைப் பெயர்களையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். காலடியில் இருக்கும் மூன்று பெடல்கள் மட்டும் அவர் மனதில் தங்குவேனா என்றன.

"வீட்டுக்காரர் கேலி பண்றார் சார்," என்றார் மேடம். "ஒருநாளாவது அவரைப் பின்சீட்ல உக்கார வச்சு நான் ஓட்டணும்."

மாஸ்டருக்கு மனசு கேட்கவில்லை. என்ன சொல்லிப் புரியவைப்பது என்று தலையைப் பிடித்துக்கொண்டார். அப்போது வாயிலிருந்து தானாக வந்தது:

"இடக்காலுக்கு ஒரே வேலை,
வலக்காலுக்கு ரெண்டு வேலை;
மாத்தி நீங்க மிதிச்சுப்புட்டா
நமக்கு இல்லை நாளைக் காலை."

மேடம் அதை இரண்டு தடவை முணுமுணுத்தார். பிறகு கிளட்சை மிதித்தார். நிஜமான கிளட்சை. கார் செடியை விட்டு இறங்கி, ஸ்கூல் வாசல்வரை எண்ணெய் போட்டதுபோல வந்து நின்றது.

"யார் எழுதினது சார் இது?"

மாஸ்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். காரில் வேறு யாரும் இல்லை.

"நான்தான் போல," என்றார்.

அன்று பிடித்தது பித்து. கைப்பிரேக்குக்கு ஒரு பாட்டு, வேகத்தடைக்கு ஒரு பாட்டு, குறுக்கே ஓடும் நாய்க்கு ஓர் இரங்கல் பாட்டு. கடைவாசல் பலகைகளைத் தவிர வேறெதையும் ஊன்றிப் படித்திராத மனிதருக்குக் கண்ணாடியில் தன் முகமே கொஞ்சம் கவிஞர் முகமாகத் தெரிந்தது. மாணவர்களுக்கும் புதுச் சட்டம் போட்டார்.

"அடுத்தவன் எழுதினது மனசுல ஒட்டாது. அவங்கவங்க ஓட்டறதுக்கு அவங்கவங்கதான் எழுதணும்."

முதலில் எல்லாரும் சிரித்தார்கள். மறுவாரம் தையல்காரர் கூச்சத்தோடு ஆரம்பித்தார்:

"ஊசி கோத்த கை இது,
சந்து பொந்தில் நுழையுது;
ரிவர்ஸ் மட்டும் போடச் சொன்னா
நூல் அறுந்து போகுது."

மாஸ்டர் ஓடும் காரிலேயே அவரைக் கட்டிக்கொண்டார். கார் ஒரு பழக்கடை வாசல்வரை போய்வந்தது.

மருந்துக்கடை மேடத்துக்கோ அது முற்றிவிட்டது. ஒருநாள் பச்சை விளக்கு விழுந்தும் வண்டியை எடுக்கவில்லை.

"என்ன மேடம், கிளம்புங்க."

"சிக்னலுக்கு எதுகை கிடைக்கலை சார்."

"பின்னாடி லாரி நிக்குது."

"லாரி... லாரிக்கு நிறைய இருக்கு. மாரி, வாரி, ஏரி..."

லாரிக்காரர் இறங்கி வந்து உரைநடையில் நாலு வார்த்தை சொன்னபிறகுதான் கார் நகர்ந்தது.

விஷயம் அக்கா காதுக்குப் போயிற்று. "டேய், இது டிரைவிங் ஸ்கூலா, கவியரங்கமா?"

"டெஸ்ட்டுல பாருக்கா. எல்லாரும் அள்ளிக்கிட்டு வருவாங்க."

டெஸ்ட் நாள் வந்தது. பக்கத்து சீட்டில் இன்ஸ்பெக்டர். கறுப்புக் கண்ணாடி, சிரிப்பு என்பதையே பறிமுதல் செய்துவிட்ட முகம். மேடம் பாட்டைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே மைதானத்தை அழகாகச் சுற்றி வந்தார். வழிநெடுக நிறுத்தியிருந்த கூம்புகளில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. தையல்காரர் ரிவர்ஸில் நூல் பிடித்ததுபோல வந்தார்.

இரண்டு பேரும் ஃபெயில். காரணம் எதுவும் இல்லை. 'மீண்டும் வரவும்' என்று மட்டும் எழுதியிருந்தது.

மாஸ்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரவெல்லாம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார்: நாலு வரி பத்தவில்லை. இன்ஸ்பெக்டர் படித்த மனிதர், சரக்கு கனமாக இருக்க வேண்டும். எல்லாரையும் எட்டு வரி எழுத வைத்தார். எதுகை, மோனை, கடைசியில் போக்குவரத்து விதிகளுக்கு ஒரு வாழ்த்து.

எல்லாரும் ஃபெயில். 'மீண்டும் வரவும்.'

அடுத்த தடவை ராகம் சேர்த்தார். தையல்காரர் மூன்றாவது கியரில் உச்சத்துக்குப் போனபோது மைதானத்துக்கு வெளியே கூட்டம் கூடியது. இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். எழுதினார்: 'அவசியம் மீண்டும் வரவும்.'

அக்கா கொதித்துப்போனாள். "எதிர்த்த ஸ்கூல் பையன் கூம்பை இடிச்சு, அதைக் காருக்கடியிலேயே இழுத்துக்கிட்டு வந்தான். அவன் பாஸ். நம்ம ஆளுங்க தேர் மாதிரி ஓட்டுறாங்க, ஃபெயில். உன் பாட்டு அந்த மனுஷனுக்கு வேப்பங்காயா கசக்குதுடா. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உனக்கு ஸ்டியரிங் கிடையாது. ஆபீஸ்ல உக்கார்ந்து போன் எடு."

மறுநாள் மாஸ்டர் மாணவர்களைக் கூட்டி, தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்: "இனிமே யாரும் பாட வேண்டாம். உதட்டைக் கூட அசைக்காதீங்க. தப்பு என்னோடது."

"அப்ப என்னோட பதினாறு வரி, சார்?" என்றார் மேடம். "சிக்னலுக்கு எதுகை கூடக் கிடைச்சிடுச்சு."

"முழுங்கிடுங்க மேடம்."

மேடம் முழுங்கினார். கூடவே கிளட்ச், பிரேக், இடம், வலம் எல்லாம் உள்ளே போய்விட்டன. அடுத்த டெஸ்ட்டில் வாயை இறுக மூடியபடி காரை எடுத்தார். அது குதித்தது, விக்கியது, நின்றது. முதல் கூம்பு சாய்ந்தது, இரண்டாவது பறந்தது. மூன்றாவதைத் தேடிப்போய் இடித்தார். கடைசியில் மைதானத்து ஓரமிருந்த பெஞ்சுக்கு ஒரு முழம் தள்ளிக் கார் நின்றது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாஸ்டர் கண்ணைத் திறந்தார்.

இன்ஸ்பெக்டர் இறங்கினார். எழவு வீட்டிலிருந்து வருபவரைப்போல நடந்துவந்து தாளை நீட்டினார்.

பாஸ்.

மாஸ்டர் தாளைத் திருப்பிப் பார்த்தார், தலைகீழாகப் பார்த்தார். சாய்ந்துகிடந்த கூம்புகளையும் ஒருமுறை பார்த்தார்.

"சார், கோவிச்சுக்காதீங்க. அவ்வளவு நல்லா ஓட்டினப்பல்லாம் ஃபெயில் போட்டீங்க. இன்னிக்கு இந்தக் கூத்துக்குப் பாஸா?"

இன்ஸ்பெக்டர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். கண்கள் கலங்கியிருந்தன.

"நல்லா பாடினவங்களை எல்லாம் பாஸ் போட்டு அனுப்பிட்டா, அடுத்த பாட்டை எனக்கு யார் சார் வந்து பாடுவாங்க?"