லைட்டர் அக்காவின் பட்டுச் சோதனை

சிங்கப்பூரில் இடுப்பில் லைட்டர் செருகிக்கொண்டு துணிக்கடை நடத்திய ஒரே பெண்மணி எங்கள் லைட்டர் அக்காதான். சிகரெட் வாடையே அவருக்கு ஆகாது. லைட்டர், துணியைக் கொளுத்திப் பார்க்க!

தேக்காவில் ஒரு நகைக்கடைக்கு மேல்மாடியில் கடை. லினன், பட்டு, மெல்லிய பருத்தி, அவ்வளவுதான். நிறமும் நாலுதான்: வெண்ணெய், சாம்பல், மணல், காயாத சிமெண்ட். ஜிகினா கிடையாது, கல் கிடையாது, நெஞ்சில் கம்பெனிப் பெயர் கிடையவே கிடையாது. ஒரு உடுப்பு வாங்கினால் பத்து வருடம் போடலாம். விலையைக் கேட்டால், போட்டுத்தான் ஆகவேண்டும் என்று புரிந்துவிடும்.

தஞ்சோங் பகார் ஆபீசிலிருந்து என் மேனேஜரம்மாவை நானே, புத்தி கெட்டுப்போய், அங்கே அழைத்துப்போனேன். அவர் சட்டையை ஏற இறங்கப் பார்த்த அக்கா, "ஒரு நூல் எடுத்துக்கவா?" என்றார். பதில் வருமுன்பே கத்தரி உள்தையலுக்குள் போய்விட்டது. லைட்டரைக் காட்டியதும் நூல் உருகிக் கறுப்பு மணியானது.

"பாலியெஸ்டர்! நீங்க போட்டிருக்கிறது பிளாஸ்டிக் தண்ணி பாட்டில்மா!"

அப்புறம் ஆறு மாதம் எனக்கு லீவே கிடைக்கவில்லை.

நல்ல பட்டென்றால் முடி கருகும் நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியாகும். அந்தப் பொடியை நம் கண்முன்னால் தேய்த்துக் காட்டினால்தான் அக்காவுக்குத் திருப்தி. துணி விஷயத்தில் பெற்ற தாயிடமும் பொய் சொல்லமாட்டார்.

அப்படிப்பட்டவரிடம் என் பதிவுத் திருமணத்துக்கு ஒரு வாரம் முன்பு மாட்டிக்கொண்டேன். மார்சிலிங்கிலிருந்து வருங்கால மாமியார் ஒரு சேலை கொண்டுவந்திருந்தார். மங்கிய ரோஜா நிறம், ஜரிகை இல்லை.

"சுத்தப் பட்டும்மா. இந்த மாதிரி அமைதியான சேலைதான் உனக்கு எடுப்பா இருக்கும்னு தோணுச்சு," என்றார்.

இந்தச் சம்பந்தமே பிடிக்காத என் அம்மா விடுவாளா? "வாங்க சம்பந்தி, ஒரு எட்டு லைட்டர் அக்காகிட்ட காட்டிடலாம்."

பட்டில்லை என்று தெரிந்தால் போதும், கல்யாணப் பெண்ணையே ஏமாற்றிவிட்டார்கள் என்று அம்மா ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவாள். மாமியாரோ கடைக்காரன் பேச்சை நம்பி வாங்கிய அப்பாவி.

அக்கா சேலை ஓரத்தில் ஒரு நூலை உருவிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். நூல் சுருண்டது, உருகியது, கறுப்பு மணியாகிவிட்டது. பிளாஸ்டிக் நாற்றம் மூக்கில் ஏறியது. போச்சு, எல்லாம் போச்சு!

அக்கா திரும்பினார். நாற்காலி நுனியில் கைப்பையை இறுக்கிப் பிடித்து உட்கார்ந்திருந்த மாமியாரைப் பார்த்தார். சட்டென்று கையை மூடிக்கொண்டார்.

"என்னங்க, பட்டுதானா?" என்றாள் அம்மா.

"பட்டுதான். நல்ல பட்டு. எடுத்தவங்களுக்குக் கண்ணு இருக்கு."

"சாம்பலைக் காட்டலையே?"

"காத்துல பறந்துடுச்சு லா. நானே சொல்றேன், அப்புறம் என்ன?"

அம்மா சேலையை மடித்துப் பைக்குள் வைத்தாள். "நான் சொன்னேன்ல!" என்று மாமியார் வாய்நிறையச் சிரித்தபோதுதான் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அம்மா பத்திரிகை படிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

இருவரும் படியிறங்கியதும் அக்காவின் விரல்களைப் பிரித்துப் பார்த்தேன். சூடான மணி உள்ளங்கையில் ஒட்டி, தோல் கொப்பளித்திருந்தது.

"ஏங்க்கா இப்படி?"

"உள்ள காட்டன் பாவாடை கட்டிக்கோ, இல்லாட்டி அந்தச் சேலையில வெந்துடுவே," என்றார். "வெளிய சொல்லிடாத, என் கடை பேரு போயிடும்."

கீழேயிருந்து அம்மா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அந்தக் கையை விட எனக்கு மனசே வரவில்லை.