வெகுமண்டு

மயிலாப்பூரில் இங்கிலீஷ் தெரிந்தவர்கள் தெருவுக்கு நூறு பேர் இருந்தார்கள். ஆனால் ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தையைக் கண்டு நடுங்கியவர் உலகத்திலேயே எங்கள் வெகுமண்டு ஒருவர்தான்.

முப்பதுகளில் நான் குமாஸ்தாவாக இருந்த நிலவரி ஆபீஸ் வாசலில், பூவரச மரத்தடியில் மனு எழுதிக்கொண்டிருந்தவர். எந்த ஆட்சேப மனுவிலும் ‘வெஹிமென்ட்’ என்ற சொல்லை ஓரிடத்தில் போட்டுவிடுவார். ஆவேசமான, கடுமையான என்று பொருள். சாந்தோம் குப்பத்து ஜனங்களின் காதில் அது ‘வெகு மண்டு’ என்று விழுந்தது. “சாமி, அந்த வெகுமண்ட போட்டியா? அது இல்லாங்காட்டி ஆபீசர் மதிக்கமாட்டாரு” என்பார்கள். பெயர் அவருக்கே நிலைத்துவிட்டது.

“சிரிக்காதேயும் ஓய்” என்பார் என்னிடம். “லத்தீன்லே ‘வெஹெரே’ன்னா தூக்கிண்டு போறது. ‘மென்ஸ்’னா மனசு. மனசைத் தூக்கிண்டு போற வார்த்தை. எழுதறச்சே என்னோடது போயிடறது. காலி இடத்துலே மனு கொடுத்தவன் வந்து உக்காந்துக்கறான்.”

அகராதியைப் புரட்டினேன். பண்டிதர்கள் இந்தப் பூர்வீகத்தைச் சந்தேகிப்பதாகப் போட்டிருந்தது. பண்டிதர்கள் பூவரச மரத்தடிக்கு வந்ததில்லை.

அந்த வார்த்தை நெருங்கினால் கால் கட்டைவிரலை மேஜைக்காலோடு சணலால் கட்டிக்கொள்வார். கட்ட மறந்த ஒரு நாள், வெற்றிலை மண்டிக்காரருக்கு மனு எழுதிவிட்டு நேராக அந்த மண்டிக்காரர் வீட்டுக்கே போய், அவர் சம்சாரத்திடம், “கமலா, நேத்து வத்தக்குழம்பு மிச்சம் இருக்கா?” என்று கேட்டுவிட்டார். கேட்டது மண்டிக்காரரின் குரல். குழம்பும் இருந்தது. மண்டிக்காரரைச் சமாதானப்படுத்த எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

பிறகுதான் ரோசம்மா வந்தாள். சாந்தோமில் மீன் விற்பவள். புருஷன் ஏறிப்போன கட்டுமரம் மட்டும் கரைக்குத் திரும்பியதிலிருந்து, ஆறு மாதமாக ஒரு சொல் பேசவில்லை. அவள் குடிசை சர்க்கார் புறம்போக்கில் இருப்பதால் காலி செய்ய வேண்டும் என்று நோட்டீஸ். வெகுமண்டு மனு எழுதிவிட்டார். ஆனால் எங்கள் ஆபீஸில் ஒரு விதி: மனுதாரர் விசாரணையில் தன் வாயாலேயே ஆட்சேபத்தைச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் ஆட்சேபம் இல்லை. எனக்கு எல்லா விதியும் மனப்பாடம். அவள் விசாரணை நாளன்றைக்குத்தான் அதற்காக வெட்கப்பட்டேன்.

“வாயத் தொறயேன்டி! ஊடு போவப் போவுது!” என்று ஆபீசர் முன்னாலேயே அவள் நாத்தனார் உலுக்கினாள். ரோசம்மா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆபீசர் குனிந்து எழுதியபடியே, “ஆட்சேபம் இல்லைன்னு போட்டுடலாமா?” என்றார்.

வெகுமண்டு அவசரமாக மனுவைப் பிரித்து வாசிக்க ஆரம்பித்தார். காலில் சணல் இல்லை. அந்த வார்த்தை வந்தது, அதோடு நின்றார். கண்கள் நிலைகுத்தின.

“நா போவ மாட்டேன். அது திரும்பி வந்தா எந்தக் கதவத் தட்டும்? அதுக்குத் தெரிஞ்ச ஊடு இதான்.”

பெண் குரல். வந்தது வெகுமண்டுவின் வாயிலிருந்து. நாத்தனார் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். “மாதாவே, இது ரோசா கொரலு!” ரோசம்மாவின் கன்னத்தில் கண்ணீர் ஓடியது, உதடு அசையவில்லை.

ஆபீசர் தலை நிமிராமல் என்னைக் கேட்டார்: “யார் பேசினது?”

“மனுதாரர், சார்” என்றேன்.

பேனா ஓடியது. குடிசை தப்பியது.

வெளியே வந்ததும் வெகுமண்டு திருதிருவென்று விழித்தார். “ஏன் ஓய், நான் ஏதாவது உளறினேனா? வாயெல்லாம் உப்புக் கரிக்கறதே!”

“நீர் வாயே திறக்கலை” என்றேன்.

அவர் கை ஐஸாகக் குளிர்ந்திருந்தது. டிராம் வருகிறவரை அதை என் இரண்டு கைகளுக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டே நின்றேன்.