கடைசிப் பதினாறு பக்கங்கள்

மயூர் விஹார், தில்லி
14-11-2025

சிரஞ்சீவி வேணு மாப்பிள்ளைக்கு,

அத்தான் பாலசுப்ரமணியம் மனமார வாழ்த்தி எழுதுவது. தில்லியில் இந்த வாரம் காற்று கண்ணுக்கே தெரிகிறது. அதைச் சுவாசித்துக்கொண்டு நானும் உன் அக்கா உஷாராணியும், டாக்டர் முகம் சுளிக்காத அளவுக்குச் சௌக்கியம். திருச்சியில் நீயும் உன் சம்சாரமும் சுகர், பிரஷர் வகையறாக்களைக் கட்டுக்குள் வைத்துக்கொண்டு நீடூழி வாழவேண்டும். குறிப்பாக நீ இம்மாதம் இருபத்து மூன்றாம் தேதி வரைக்குமாவது திடகாத்திரமாக இருக்க வேண்டும். காரணம் கீழே வருகிறது. இதை வாட்ஸப்பில் அனுப்பினால் நீ குடும்பக் குரூப்பில் போடுவாய், நாற்பது பேர் படிக்காமலே கட்டைவிரலைக் காட்டுவார்கள். அதனால்தான் ஸ்பீட் போஸ்ட்.

எழுத்தாளர் வஜ்ரவேல் போன மாதம் காலமானதைப் பேப்பரில் பார்த்திருப்பாய். மாதத்துக்கு ஒரு நாவல், ஒவ்வொன்றும் கச்சிதமாகத் தொண்ணூற்றாறு பக்கம், அட்டையில் ஒரு துப்பாக்கி, ஒரு பெண், உள்ளே துப்பறியும் மேஜர் கலிவரதன். மேஜருக்கு ஆஸ்துமா. எண்பதாம் பக்கம் வரை பிணங்களுக்கு நடுவே இரைத்துக்கொண்டே நடப்பார். எண்பத்தொன்றாம் பக்கத்தில் எல்லோரையும் ஒரு ஹாலில் உட்கார வைத்து, பைப்பைப் பற்றவைத்துக்கொண்டு, கொலையாளி இந்த அறைக்குள்தான் இருக்கிறார் என்பார். ஆஸ்துமாக்காரர் எப்படி பைப் பிடிக்கிறார் என்று தமிழ்நாட்டில் ஒருத்தரும் கேட்டதில்லை. வஜ்ரவேல் ஜன்மத்தில் தில்லிக்கு வந்ததில்லை என்றாலும் 'தில்லியில் திங்கட்கிழமை' என்று ஒன்று எழுதினார். அதில் மேஜர் கன்னாட் பிளேஸிலிருந்து ஐந்தே நிமிடம் நடந்து, பதினான்கு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் குதுப்மினாரை அடைந்து, அங்கிருந்து யமுனைக் கரைக்குப் போய் இளநீர் குடிப்பார். படமாக எடுத்தவர்கள் இவருக்கும் மேலே. ஆஸ்துமா மேஜர் போய் கராத்தே தெரிந்த இருபத்தைந்து வயசுப் பையன் வந்தான், பிணத்துக்கு ஒரு பாட்டு வீதம் வைத்தார்கள். தில்லியை சென்னையிலேயே ஏதோ ஒரு காலனியில் எடுத்து, நமக்குத் தில்லி என்று புரிவதற்காக ஒரு சர்தார்ஜியைப் பெட்டியோடு நடக்கவிட்டார்கள். அடுத்த காட்சியிலும் அதே சர்தார்ஜி, அதே பெட்டி, எதிர்ப்பக்கமாக. அதையும் ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சியில் ஹவுஸ்ஃபுல்லாக்கி விசிலடித்தவர்கள் தில்லித் தமிழர்களாகிய நாங்களேதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் நாங்கள் எட்டுக் குடும்பம் இருந்தோம். லீவில் ஊருக்குப் போய்வருகிறவர்கள் ரயிலில் வாங்கிவரும் வஜ்ரவேல்தான் எங்களுக்கு இலக்கியம். ஒரு வீட்டுக்கு ஒரு நாள் என்று சுற்றுக்கு விடுவோம். இதில் அருள்ராஜ் என்று ஒரு மகானுபாவன், பொதுத்துறைக் கம்பெனியில் வேலை, புத்தகம் கைக்கு வந்ததும் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு, மறுநாள் பால் பூத் வரிசையில் நின்றுகொண்டு கொலையாளி யார் என்று அறிவிப்பான். ஏழு குடும்பத்தின் வயிற்றெரிச்சல். அப்போது மத்திய அமைச்சகம் ஒன்றில் அசிஸ்டெண்டாக இருந்த நான் ஒரு சுற்றறிக்கை போட்டேன். அதன்படி, புது நாவல் வந்ததும் கடைசிப் பதினாறு பக்கத்தை பிளேடால் கத்தரித்து என் பொறுப்பில் வைத்துக்கொள்வேன். எண்பது பக்கம் முடித்தவர்கள் ஒரு சீட்டில், 'சந்தேகிப்பவர்: தோட்டக்காரர். ஆணைக்காகச் சமர்ப்பிக்கிறேன்' என்று எழுதித் தேதியோடு கையெழுத்துப் போட்டுக் கொண்டுவர வேண்டும். நான் ஓரத்தில் இனிஷியல் வைத்து, பதினாறு பக்கத்தைக் கொடுப்பேன். க்ளைமாக்ஸ் பாலு என்று எனக்குப் பெயரே வந்துவிட்டது. ஆபீசில் ஒரு ஃபைலில் என் கையெழுத்துக்கு மரியாதை கிடைத்ததில்லை, இதில் கிடைத்தது.

உனக்கு மட்டும் ஒரு உண்மையைச் சொல்கிறேன். நான் வஜ்ரவேலின் ஒரு நாவலையும் முதலிலிருந்து படித்ததில்லை. வந்ததும் பிளேடு, பிளேடு போட்டதும் கடைசிப் பதினாறு. கொலையாளி யார் என்று தெரிந்த பிறகு முந்தின எண்பது பக்கத்தை எவன் படிப்பான்? ஐம்பத்தெட்டு நாவலின் முடிவும் எனக்குத் தலைகீழ்ப் பாடம், ஒன்றின் ஆரம்பமும் தெரியாது, எந்த முடிவு எந்தத் தலைப்புக்கு என்பதும் தெரியாது.

தொண்ணூறில் எனக்குப் பிரமோஷன் வந்து ஆர்.கே. புரம் குவார்ட்டர்ஸுக்கு மாறினோம். போகும் முன் எல்லாவற்றையும் ஒட்டி பைண்டு பண்ணிவிடலாம் என்று முடிவு செய்தேன். அந்தச் சமயத்தில்தான் நீ மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. பரீட்சை எழுத வந்து நாற்பது நாள் எங்கள் வீட்டில் பூரி சாப்பிட்டுக்கொண்டு கிடந்தாய். நான் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்ததை மைதாப் பசையும் கையுமாக உட்கார்ந்து நீ என்ன செய்தாய் மாப்பிள்ளை? எல்லா நாவலிலும் எண்பதாம் பக்கத்தோடு கதை நிற்கிறது, எல்லாக் கடைசிக் கட்டும் எண்பத்தொன்றில் தொடங்குகிறது. நம்பர் சரியாக இருக்கிறதே என்று கைக்கு வந்ததை வந்ததோடு ஒட்டிவிட்டாய். ஊட்டிக் கொலைக்குக் கப்பல் முடிவு, கப்பல் கொலைக்குக் காரைக்குடி முடிவு. பரீட்சையிலும் இப்படித்தான் கேள்வி ஒன்றுக்குப் பதில் வேறொன்று எழுதியிருப்பாய், அதுதான் ஃபெயில்.

இது யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். ஏனென்றால் அதற்குள் டிவி சீரியல் வந்து எல்லோரும் படிப்பதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் தொண்ணூற்றிரண்டில் சுரேஷ்குமார் என்று ஒரு சினிமாக்காரர், ஒரு டிவி தொடருக்கு அனுமதி கேட்டு தூர்தர்ஷன் ஆபீஸ் இருக்கும் மண்டி ஹவுஸுக்கு நடையாய் நடந்தவர், தமிழ்க் காபி தேடி நம் வீட்டுக்கு வந்தார். திரும்பும்போது ரயிலில் படிக்க 'சிவப்பு ஸ்வெட்டர்' நாவலை வாங்கிக்கொண்டு போனார். அதையே படமாக எடுத்துவிட்டுப் புத்தகத்தைத் தபாலில் திருப்பி அனுப்பினார். இரண்டே கால் மணி நேரம் ஊட்டி பங்களாவில் எஸ்டேட் முதலாளியைக் கொன்றது யார் என்று மண்டையைக் குழப்பிவிட்டு, கடைசி ரீலில் அதுவரை தலையே காட்டாத கப்பல் கேப்டன் மனைவி எழுந்து நின்று, நான்தான் என்கிறாள். படம் நூறு நாள். யாராலும் ஊகிக்க முடியாத முடிவு என்று எல்லாப் பத்திரிகையும் எழுதியது. எவனால் முடியும்? நூறாவது நாள் விழாவில் வஜ்ரவேலே மேடையேறி, என் நாவலை ஒரு வரி மாற்றாமல் எடுத்த ஒரே டைரக்டர் இவர்தான் என்று கண்ணீர் விட்டாராம். எழுதினவருக்கே தெரியவில்லை என்றால் இந்த இலக்கியத்தைப் பற்றி நான் என்ன சொல்ல?

போன வாரம் குட்டு உடைந்தது. நம் வீட்டு வேலைக்கு வருகிற செங்கம்மாளை உனக்குத் தெரியும். தமிழர்கள் இருந்த குடிசைப் பகுதி மதராசி கேம்ப்பை இடித்த பிறகு தில்லியின் வடகோடி நரேலாவில் வீடு, இங்கே வந்துசேர இரண்டரை மணி நேரம், திரும்ப இரண்டரை மணி நேரம். பஸ்ஸில் படிக்க ஏதாவது கொடுங்கள் என்றாள். விழுப்புரம் பக்கத்தில் எட்டாவது வரை படித்தவள். தில்லியில் பிறந்து எம்பிஏ படித்த என் மகனுக்குத் தமிழில் ஈபி பில்லைக்கூடப் படிக்க வராது. 'சிவப்பு ஸ்வெட்டர்' கொடுத்தேன். இரண்டு நாளில் திருப்பிக் கொண்டுவந்து என் முன்னால் நின்றாள்.

"எல்லாம் நல்லாத்தான் சார் போவுது. ஊட்டியில செத்துப்போனவன யார் கொன்னாங்கன்னு தேடிக்கினே வராங்க. கடைசியில அந்தக் கப்பலு எங்கேர்ந்து சார் வந்துச்சு?"

முப்பத்தைந்து வருஷத்தில் இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவள்தான். டைரக்டர் கேட்கவில்லை, பத்திரிகைகள் கேட்கவில்லை, படம் பார்த்த லட்சக்கணக்கான ஜனம் கேட்கவில்லை. நான் அன்று மத்தியானம் உட்கார்ந்து நாலைந்தைப் புரட்டிப் பார்த்தேன். ஒன்றிலும் கொலையும் கொலையாளியும் ஒரே ஊரில் இல்லை.

இப்போது ஆபத்து என்னவென்றால், அதே அருள்ராஜ் இன்று தலைநகர்த் தமிழ் வாசகர் மன்றத்தின் செயலாளர். இருபத்து மூன்றாம் தேதி ஞாயிறு, மந்திர் மார்க்கில் ஒரு ஹாலில் வஜ்ரவேலுக்கு நினைவஞ்சலி வைத்திருக்கிறான். அழைப்பிதழில் புரவலர்கள் மட்டும் நாற்பது பேர், நாவல் படித்தவர் ஒருவர்கூட இல்லை. சுரேஷ்குமார் சிறப்பு விருந்தினர். நான் பேச வேண்டிய தலைப்பு: 'யாராலும் ஊகிக்க முடியாத முடிவு.' அதோடு நிற்கவில்லை. வஜ்ரவேலின் மகள் மதுமதி சென்னையிலிருந்து வருகிறாள். அவர்கள் வீட்டில் இருந்த பிரதிகளைக் கரையான் தின்றுவிட்டதாம், முழு செட் உள்ள ஒரே இடம் என் அலமாரி என்று அருள்ராஜ் சொல்லியிருக்கிறான். ஐம்பத்தெட்டையும் மறுபதிப்புப் போடப் போகிறார்கள். மேடையில் நான் கொடுக்க அவள் வாங்கிக்கொள்ளப் போகிறாள். போனில் அந்தப் பெண் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அப்பா எழுதினது அப்பா எழுதின மாதிரியே வரணும் அங்கிள். நீங்க ஒருத்தர்தான் ஒரு பக்கம் கிழியாம வச்சிருக்கீங்களாம்."

வேணு, நான் அந்த வஜ்ரவேலை எவ்வளவு வேண்டுமானாலும் கிண்டல் செய்வேன். ஆனால் அப்பா செத்து ஒரு மாதம்கூட ஆகாத பெண்ணிடம், ஐம்பத்தெட்டுத் தப்பை அட்டை போட்டு எப்படிக் கொடுப்பேன்? கொடுத்தால் இனி அதுதான் அச்சில் நிரந்தரம். கொடுக்காமல் உண்மையைச் சொன்னால் க்ளைமாக்ஸ் பாலு தில்லித் தமிழர் முன்னால் தலைகுனிந்து நிற்க வேண்டும். எழுபத்திரண்டு வயதில், ரிடையரான ஒரு அண்டர் செக்ரட்டரிக்கு அந்தப் பெயர் ஒன்றுதான் மிச்சம். உன் அக்காவுக்கு இதெல்லாம் விளையாட்டு. எனக்கு இரண்டு நாளாய்த் தூக்கம் இல்லை.

ஆகவே நீ செய்ய வேண்டியது இது. உடனே தத்காலில் டிக்கெட் போட்டு சனிக்கிழமைக்குள் வந்து சேர். ஞாயிறு மேடையில் நான் பேசி முடித்ததும் எழுந்து வந்து, தப்பு என் பேரில்தான், அத்தான் அடுக்கி வைத்ததை நான்தான் மாற்றி ஒட்டினேன் என்று இரண்டே வாக்கியம் சொல். உன்னை இங்கே யாருக்கும் தெரியாது, அவமானம் எதுவும் திருச்சி வரை வராது. சொல்லிவிட்டு அன்று சாயங்காலமே ரயிலேறிவிடலாம், புளிசாதம் கட்டிக்கொடுக்கச் சொல்கிறேன். முப்பத்தைந்து வருஷமாக நான் இதை உன் மேல் மனதில் வைத்துக்கொண்டதில்லை, ஏனென்றால் போன வாரம்தான் எனக்கே தெரியும்.

உன் சம்சாரத்துக்கு என் விசாரிப்புகள். குழந்தைகள் பதினாறும் பெற்று, பதினாறில் எதையும் இடம் மாற்றி வைக்காமல் வாழ ஆசி.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் அத்தான்,
பாலசுப்ரமணியம்

பின்குறிப்பு (இரண்டு நாள் கழித்து): கவரில் போடும் முன் உன் அக்கா படிக்கக் கேட்டாள். பழக்க தோஷம், கடைசித் தாளை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதைக் கொடுத்தேன். கொடுத்ததை முழுக்கப் படித்துவிட்டு, காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுதி நீட்டினாள். 'சந்தேகிப்பவர்: கடிதம் எழுதியவர். ஆணைக்காகச் சமர்ப்பிக்கிறேன். உஷாராணி.' தேதி போட்டிருந்தாள்.

பிறகு பெட்டியைத் திறந்து உன் பரீட்சை ஹால் டிக்கெட்டை எடுத்துக் காட்டினாள். ஜூன் 1991. நீ வந்தது ஆர்.கே. புரத்துக்கு. பைண்டு பண்ணினது அதற்கு முந்தின வருஷம் கோல் மார்க்கெட்டில். பசை காய்ச்சிக் கொடுத்தவள் அவள், ஒட்டினவன் நான். நம்பர் மட்டும் பார்த்தால் போதாது, உள்ளே இருக்கிற பேரையும் பாருங்கள் என்று அவள் சொன்னாளாம். வண்டி வந்துவிட்டது, ஜல்தி ஜல்தி என்று நான் விரட்டினேனாம். இத்தனை வருஷம் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். "நீங்க பெருமையா நின்னது அந்த ஒரு விஷயத்துலதான். அதையும் எதுக்குக் கெடுக்கணும்னு இருந்துட்டேன்" என்றாள். ஹால் டிக்கெட்டை நானே பெட்டியில் திரும்ப வைத்தேன் மாப்பிள்ளை.

நேற்றிலிருந்து அவளும் செங்கம்மாளும் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்து ஜோடி சேர்க்கிறார்கள். நாற்பத்தொன்று சரியாகச் சேர்ந்துவிட்டது. மீதி பதினேழு எதோடு வைத்தாலும் பொருந்துகிறதாம். சரி, ஒட்டிக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமே என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். செங்கம்மாள் கப்பல் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்த யோசனையைக் கைவிட்டேன். ஞாயிறன்று அவளும் வருகிறாள். டீ கொடுக்கவா என்று அருள்ராஜ் கேட்டான். முன்வரிசையில் உட்கார என்று சொன்னேன்.

நாலு தாளைத் திரும்ப எழுதத் தெம்பில்லை, அப்படியே அனுப்புகிறேன். மேலே உன் பெயர் வருகிற குற்ற இடங்களில் எல்லாம் என் பெயரைப் போட்டுப் படித்துக்கொள். பின்குறிப்புக்கு வரும் முன்பே டிக்கெட் போட்டிருந்தால் கேன்சல் பண்ணாதே, பார்வையாளனாக வா. பேச்சை எழுதி முடித்துவிட்டேன், உண்மை கடைசித் தாளில் இருக்கிறது. அந்தத் தாளை உன் அக்கா கத்தரித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டுவிட்டாள். என்னிடம் இருந்தால் படிக்காமல் இறங்கிவிடுவேனாம். நான் அந்த இடத்துக்கு வந்ததும் மேடைக்கு வந்து கொடுப்பாளாம்.