மேகத்துக்கு நானே சாட்சி

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதுவது. இங்கே என் கழுத்தைத் தவிர எல்லோரும் நலம்.

உங்கள் அலுவலகக் கடிதம் வந்தது. நான் தரையிலிருந்து பார்த்து எழுதும் மேக அளவு உங்கள் செயற்கைக்கோளின் அளவோடு ஒத்துப்போகவில்லையாம். இந்த மாதமும் இப்படியே போனால் பட்டியலிலிருந்து என் பெயரை நீக்கிவிடுவார்களாம். கையெழுத்து யாருடையது என்று பார்த்தேன். பெண்ணைக் கொடுத்த வீட்டுக்கு நல்ல மரியாதை, மாப்பிள்ளை!

ஓய்வுபெற்ற பிறகு உங்கள் அத்தையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்த எனக்கு இந்த வேலையைக் கொடுத்ததே நீங்கள்தான். வெயில் எவ்வளவு வருகிறது, மேகம் எவ்வளவைத் திருப்பியனுப்புகிறது, பூமி எவ்வளவு சூட்டை மேலே விடுகிறது என்று செயற்கைக்கோள் அளக்கும், மேகத்தைச் சரியாகத்தான் பார்க்கிறதா என்று கீழே ஒரு மனிதர் சொல்ல வேண்டும், அந்த மனிதர் நீங்கதான் மாமா என்றீர்கள். அன்று முதல் கோள் எங்கள் ஊருக்கு மேலே வரும் ஒன்றரை மணிக்கு, கூடத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சோற்றைப் பாதியில் விட்டு மொட்டைமாடிக்கு ஓடுகிறேன். "ஏங்க, மேலதானே போறீங்க, காயப்போட்ட துணிய எடுத்துட்டு வந்துடுங்க" என்று கீழிருந்து குரல் வருகிறது. எதிர்வீட்டுப் பல் டாக்டர், "என்ன சார், தினமும் அண்ணாந்து நிக்கிறீங்க, யாராவது வர்றாங்களா?" என்று சிரிக்கிறார். ஆமாய்யா, வருது, உமக்குத்தான் தெரியல என்றேன். கழுத்து பிடித்துக்கொண்டு, இப்போது யார் கூப்பிட்டாலும் உடம்போடுதான் திரும்புகிறேன்.

செவ்வாயன்று வானத்தில் பத்தில் ஒரு பங்குகூட மேகம் இல்லை, பளிச்சென்ற நீலம். கோள் ஆறு பங்கு என்கிறதாம். என் கண்ணைப் போன மாதம்தான் சோதித்தார்கள், குறையே இல்லை. ஆகவே கோளைக் கீழே இறக்கி, நன்றாகத் துடைத்து, மறுபடி ஏற்றுங்கள். என் பெயரை மட்டும் எடுத்துவிடாதீர்கள் மாப்பிள்ளை. வேலையை விட்டு வந்தபின் நேரத்துக்கு என்னை எதிர்பார்ப்பது அந்தக் கோள் ஒன்றுதான்.

நீங்களும் என் மகளும் எல்லா வளமும் பெற்று நீடூழி வாழ்க. கோள் எக்கேடு கெட்டாலும் சரி.

பி.கு.: உறையை ஒட்டிவிட்டதால் வெளியே எழுதுகிறேன், தபால்காரர் படிக்கக் கூடாது. இரண்டரைக்குத் தபால் நிலையம் போனால், "சாப்பாட்டு நேரம் முடிய இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு சார்" என்றார்கள். வீட்டுக்கு வந்து, நம் கடிகாரத்துக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். "எந்தக் கல்யாணத்துக்கு நீங்க நேரத்துக்குக் கிளம்பினீங்க? ரிட்டயர் ஆன அன்னிக்கே கடிகாரத்த நாப்பது நிமிஷம் கூட்டி வெச்சிட்டேன்" என்றாள் உங்கள் அத்தை, கீரையிலிருந்து தலையைத் தூக்காமல். கோளை இறக்க வேண்டாம். தினமும் நாற்பது நிமிடம் முன்னதாக வரச் சொல்ல முடியுமா, பாருங்கள். கடிகாரத்தைத் தொட இந்த வீட்டில் எனக்கு அனுமதி இல்லை.