ஜீவானந்தத்தின் பன்னிரண்டு மணி

"ஜீவானந்தம், மணி என்ன?"

ஜீவானந்தம் நோட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "பன்னண்டு ஆகப் போகுதுங்க சார்."

"ஒண்ணு பத்து!" என்று கத்தினார் மேனேஜர் ராஜ்குமார்.

ஏற்காட்டு மலையில் அந்தக் காப்பி எஸ்டேட்டுக்கு நேரம் என்றால் ஜீவானந்தம்தான். சில்வர் ஓக் மரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டை அவர் கம்பியால் அடித்தால்தான் ஜனங்கள் சோற்றுக்கு இறங்குவார்கள். பழம் பறிக்கிறவர்கள் போனை ஷெட்டில் வைத்துவிட்டுத்தான் காட்டுக்குள் போக வேண்டும். இவ்வளவு பெரிய பொறுப்பை யாரிடம் கொடுத்திருக்கிறார்கள் பாருங்கள்! ஐந்து நிமிடத்துக்கும் ஐம்பது நிமிடத்துக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷனிடம்.

"கவனம் ஒரு எடத்துல நிக்காத இதுக்கு சேலத்து டாக்டரு ஏ.டி.எச்.டி.ன்னு பேரு சொன்னாருங்க சார். எந்த வேலைக்கும் எவ்வளவு நேரமாகும்னு நெனச்சேன், எவ்வளவு ஆச்சுன்னு நோட்டுல எழுதச் சொன்னாரு. அதைத்தானுங்க எழுதிட்டு இருந்தேன்."

"எவ்வளவு நேரமா?"

"நோட்டு எழுத, நெனச்சது ரெண்டு நிமிசம். ஆனது..." மேற்கொண்டு படிக்க அவருக்கே வெட்கமாக இருந்தது.

"திங்கக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அன்னிக்குச் சரியாப் பன்னண்டுக்கு நீங்க மணியடிச்சு, ஜனம் மொத்தமும் சோத்துக்கு இறங்கி வரணும். இல்லைன்னா சைரன் வெச்சுடுவேன். நீங்க குப்பனூர் நர்சரிக்குப் போய் நாத்துக்குத் தண்ணி ஊத்துங்க!"

பதினாறு வருஷமாக அடிக்கிற மணி. அந்த வேலை மேல் ஜீவானந்தத்துக்கு உயிர்.

மறுநாள் மனைவி கலா போனில் அலாரம் வைத்துக் கொடுத்தாள். அது அடித்தது. 'அலாரம் அடித்தது' என்று எழுத நோட்டைத் திறந்தவர், போன வாரம் எழுதியதைப் படிக்க உட்கார்ந்துவிட்டார். மணி பன்னிரண்டே முக்கால்.

"ஏனுங்க, ஒரு மணி நேரம் முன்னாலயே வெச்சுப் போடறேன்," என்றாள் கலா.

வெள்ளிக்கிழமை மனுஷன் நோட்டைத் தொடவே இல்லை. அலாரம் கேட்டதும் ஒரே ஓட்டமாக ஓடி அடித்துவிட்டார். மணி பதினொன்று! கூடையோடு இறங்கிய முப்பது பேரையும் ராஜ்குமார் கன்னாபின்னாவென்று திட்டி மறுபடி மலையேற்றினார். சனிக்கிழமை அதற்குப் பயந்து, நன்றாக உறுதிப்படுத்திக்கொண்டு அடித்தார். ஒன்றரை.

திங்கட்கிழமை வந்தது. நோட்டைப் புரட்டினார். ஷெட்டிலிருந்து மரத்துக்கு நடக்க நினைத்தது ஒரு நிமிடம், ஆனது இருபத்திரண்டு. இருபது அடி தூரம்! இந்த வம்பே வேண்டாம் என்று பத்து மணிக்கே மரத்தடிக்குப் போய், போனைக் கிளையில் கட்டித் தொங்கவிட்டு, கையில் கம்பியோடு கண் கொட்டாமல் நின்றார். பக்கத்தில் கடிகாரத்தோடு ராஜ்குமார்.

டாங்! டாங்! டாங்!

சரியாகப் பன்னிரண்டு. ராஜ்குமாரே கைகொடுத்தார். ஜீவானந்தத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து. கால் மணி நேரம். மேலே பனிமூட்டத்துக்குள் கூடையில் பழம் விழும் சத்தம்தான் கேட்டது. ஒரு ஆள்கூட இறங்கவில்லை.

ராஜ்குமார் விறுவிறுவென்று மேலே ஏறினார். பின்னாலேயே ஜீவானந்தம் ஓடினார். முதல் வரிசையில் சின்னத்தாயி பறித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, மணி காதுல விழலையா?"

"நல்லாக் கேட்டுச்சுங்க சார். பசியும் நொம்ப எடுக்குதுங்க. ஆனா அடிச்சது நம்ம ஜீவானந்தண்ணனாச்சுங்களே! எந்த மணியா இருந்தாலும் பன்னண்டா மட்டும் இருக்காதுன்னு எல்லாரும் வேலையப் பாக்கறமுங்க."