துடியலூரில் உலகத்தின் மையம்

உலகத்தின் மையம் எங்கே இருக்கிறது என்று அறிஞர்கள் காலங்காலமாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். இனி அந்தச் சிரமம் வேண்டாம். அது துடியலூரில், மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, எங்கள் சபையின் காம்பவுண்டுக்குள் இருக்கிறது. வானமும் பூமியும் அங்கேதான் கைகுலுக்கிக்கொள்கின்றன. மையக் கோபுரக் கமிட்டியின் செயலாளர் என்ற முறையில் இதைப் பொறுப்புடன் அறிவிக்கிறேன். நான் மோட்டார் கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருந்தவன். மீட்டர் வைத்துப் பார்க்காமல் எதையும் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை.

தொண்ணூற்றாறாம் வருடம். தெருவுக்குத் தெரு கேபிள்காரர்கள் மொட்டை மாடியில் டிஷ் வைத்து வானத்திலிருந்து எதையாவது இறக்கிக்கொண்டிருந்த காலம். எங்கள் போதகர் புனித பூமிக்குச் சுற்றுலா போய்த் திரும்பி, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சிலைடு போட்டுக் காட்டினார். எருசலேமில் ஒரு பழைய தேவாலயத்துக்குள் கல்லால் செய்த ஒரு கிண்ணம். அந்தக் காலத்து ஜனங்கள் அதைத்தான் உலகத்தின் நடு மையம் என்று நம்பினார்களாம். போதகர் அதைச் சும்மா ஒரு தகவலாகத்தான் சொன்னார். ஆனால் முன்வரிசையிலிருந்த மோகன்குமார் எழுந்து நின்றுவிட்டார்.

மோகன்குமார் பம்ப் தயாரிப்பவர். அவருடைய பம்ப் ஓடாத ஜில்லா இந்தியாவில் குறைவு. "பூமியின் தாகம் தீர்ப்போம்" என்பது அவருடைய கம்பெனியின் விளம்பர வாசகம். கீழே இருப்பதை மேலே கொண்டுவருவதில் கரைகண்ட மனிதருக்கு, மேலே இருப்பதைக் கீழே கொண்டுவரும் தொழிலிலும் ஒரு கை பார்க்கலாம் என்று தோன்றியதில் வியப்பில்லை.

"ஏனுங்க ஐயா, அது அங்க ஒண்ணுதான் இருக்கோணுமுங்களா? எருசலேம் ஹெட் ஆபீசா இருக்கட்டுமுங்க. கொங்கு ஏரியாவுக்குன்னு நாம ஒரு பிராஞ்சு வெச்சுக்கலாமில்லீங்க?"

போதகர் திடுக்கிட்டார். "அப்படி ஒரு இடமே தேவையில்லைங்க. யாக்கோபு கனவுல கண்ட ஏணி இருக்குதில்லைங்களா, வானத்துக்கும் பூமிக்கும் நடுவுல? நமக்கு அந்த ஏணியே கிறிஸ்துதான்."

"கரெக்டுங்க ஐயா. அந்த ஏணிய எங்க நிறுத்தறதுன்னுதான் கேக்கறோம்."

"கெணத்தடியில ஒரு அம்மாகிட்ட இயேசுவே தெளிவாச் சொல்லியிருக்காருங்க. கும்பிடறதுக்கு இந்த மலையும் வேண்டாம், எருசலேமும் வேண்டாம்னு."

"அதையேதானுங்க நானும் சொல்றேன். எருசலேம் வேண்டாம். துடியலூர்."

போதகரின் கருத்து "நன்றியுடன் பதிவு செய்யப்பட்டது". கமிட்டி பிறந்தது.

மையத்தைக் கண்டுபிடிப்பது எப்படி என்று பலருக்குத் தெரியாது. பொறுமையாக விளக்குகிறேன். காம்பவுண்டின் நான்கு மூலைகளிலிருந்தும் குறுக்கே கயிறு பிடித்தால், இரண்டு கயிறும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் மையம். பிடித்துப் பார்த்தோம். கயிறுகள் ஆண்கள் கழிப்பறைக்குச் சரியாக மேலே வெட்டிக்கொண்டன. வடிவியலுக்குப் பக்தி போதாது என்று கமிட்டி ஒருமனதாகக் கருதியது.

அப்போதுதான் மோகன்குமார் பாலுசாமியை அழைத்துவந்தார். எங்கள் பக்கத்தில் போர் போடுவதற்கு முன்னால் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்ப்பது வழக்கம். பாலுசாமி அதில் பேர்போனவர். உள்ளங்கையில் ஒரு தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு அவர் நடப்பார். கீழே நீரோட்டம் இருந்தால் படுத்திருக்கும் தேங்காய் குடுமி மேலே பார்க்கும்படி எழுந்து நிற்கும். ஏன் நிற்கிறது என்று கேட்டால், அது நிற்பதுதான் அதற்குக் காரணம்.

பாலுசாமி காம்பவுண்டை வலம் வந்தார். கல்லறைப் பக்கம் தேங்காய் தூங்கியது. போதகர் வீட்டு வாசலில் லேசாகப் புரண்டது. வேலியோரம் இருந்த அடிபம்ப்பை நெருங்கியதும் சடாரென்று எழுந்து, வானத்தைப் பார்த்து நின்றது.

"இங்கதானுங்க" என்றார் பாலுசாமி. "அருமையான தண்ணி."

"தண்ணியப் பத்திக் கேக்கலீங்க" என்றார் மோகன்குமார். "வானத்துக்கும் பூமிக்கும் நடுவுல இருக்கற தொடர்பப் பாக்கச் சொன்னோம்."

பாலுசாமி தேங்காயை ஒருமுறை உற்றுப் பார்த்தார். "அதுவும் இங்கதானுங்க. ரண்டும் ஒண்ணாவே ஓடுது."

கமிட்டி கைதட்டியது. தேங்காயின் குடுமி பரலோகத்தைக் காட்டியதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

இந்த இடத்தில் சாந்தாமணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். காம்பவுண்டுக்குப் பின்னால் இருந்த லைன் வீட்டில் குடியிருந்தவர். வீட்டிலேயே கிரைண்டர் போட்டு, இட்லி மாவு அரைத்து விற்றுப் பிழைப்பு நடத்தினார். சபையின் உறுப்பினர் அல்லர். அவர் கும்பிடும் சாமி மருதமலையில் இருந்தது. ஆனாலும் உறுப்பினர்களைவிட அதிக நாள் எங்கள் காம்பவுண்டுக்குள் வந்து போனவர் அவர்தான். சுற்றுவட்டாரத்தில் எல்லாப் போரிலும் உப்புத் தண்ணீர். சிறுவாணிக் குழாயில் தண்ணீர் நினைத்த நாளில் வரும். எங்கள் அடிபம்ப்பில் மட்டும் இளநீர்போலத் தண்ணீர். மோகன்குமாரே பல வருடங்களுக்கு முன்னால் போட்டுக்கொடுத்த பம்ப் அது.

அதைக் கழற்றும் நாளில் சாந்தாமணி குடத்தோடு வந்து நின்றார்.

"ஏனுங்க சார், பம்ப்பப் புடுங்கிப்போட்டு இங்க என்னத்த நடப்போறீங்க?"

"கோபுரம் அம்மணி" என்றேன்.

"அதுல தண்ணி வருமுங்களா?"

"ஆசீர்வாதம் வரும்."

"அத எந்தக் குடத்துல புடிக்கறதுங்க?" என்றார். "உப்புத் தண்ணியில அரைச்சா மாவு வேற மாதிரி போயிருதுங்க. ரண்டு நாள் இட்லி கல்லாட்டம் இருந்தா மூணாவது நாள் எவனும் வரமாட்டான். எனக்கு வேற பொழப்புத் தெரியாதுங்க."

இதை நாங்கள் அலட்சியம் செய்யவில்லை. அவருக்காகக் கமிட்டி முழங்காலில் நின்று உருக்கமாக ஜெபித்தது. பிறகு போர் குழியைக் கான்கிரீட் கொட்டி அடைத்தது. அடிபம்ப்பையும் நாங்கள் தூக்கி எறியவில்லை. பொன் நிறப் பெயின்ட் அடித்து, முன் மண்டபத்தில் நிறுத்தி, "தொடாதீர்கள்" என்று பலகை வைத்தோம். இந்தியாவிலேயே இத்தனை மரியாதையுடன் ஓய்வு பெற்ற பம்ப் வேறு இருக்காது.

கோபுரம் எழுந்தது. கான்கிரீட் வெயிலில் காய்ந்து கெட்டியாவதில்லை. தண்ணீர் குடித்துத்தான் கெட்டியாகும். எனவே லாரி லாரியாகத் தண்ணீர் வரவழைத்து ஊற்றினோம். சாந்தாமணி ஒரு குடம் கேட்டார். கோபுரத்துக்கு ஒதுக்கிய தண்ணீர் வேறு காரியத்துக்குப் போகக் கூடாது என்று விளக்கிச் சொன்னேன். அவர் அதற்குள் இரண்டு தெரு தாண்டி, ஒரு மில் காலனிக் குழாயில் கெஞ்சித் தண்ணீர் பிடிக்கத் தொடங்கியிருந்தார். மாவு குறைந்துபோய், பாதி நாள் கிரைண்டர் சும்மா நின்றது.

உச்சியில் சிலுவை ஏறியது. அதன் மேல் இடிதாங்கி. என் வாழ்நாளிலேயே நான் அதிகம் மதிக்கும் சாதனம் இதுதான். பெயர்தான் இடிதாங்கி; உண்மையில் அது எதையும் தாங்குவதில்லை, வழிவிடுகிறது. உச்சியில் ஒரு செம்புக் கூர். அதிலிருந்து செம்புப் பட்டை சுவரோடு இறங்கி, மண்ணில் தோண்டிய எர்த் குழிக்குள் புதைத்த தகட்டில் முடியும். தகட்டைச் சுற்றிக் கரியும் உப்பும் போடுவோம். மின்னல் இந்த வழியாக இறங்கி மண்ணில் கலந்துவிடும். வானத்தையும் பூமியையும் இணைப்பது என்றால், நடைமுறையில் இவ்வளவுதான்.

ஒரே ஒரு நிபந்தனை. குழி ஈரமாக இருக்க வேண்டும். காய்ந்த மண் எதையும் ஏற்றுக்கொள்ளாது.

மீட்டர் வைத்துப் பார்த்தேன். முள் சிவப்பில் போய் நின்றது. வானம் தயாராக இருந்தது, பூமிதான் ஒத்துழைக்கவில்லை.

"எர்த் எடுக்கல" என்று மோகன்குமாரிடம் சொன்னேன். "தினமும் தண்ணி ஊத்தோணும்."

"அதுக்கென்னங்க, பக்கத்துலயே ஒரு போர் போட்டுப்போடலாம். கூப்பிடுங்க பாலுசாமிய."

பாலுசாமி தேங்காயோடு வந்தார். காம்பவுண்டு முழுக்க நடந்தார். தேங்காய் எங்கும் தலை தூக்கவில்லை. கடைசியில் கோபுரத்தின் அடிச்சுவரில் முட்டி நின்றார். தேங்காய் எழுந்தது.

"இங்கதானுங்க இருக்குது" என்றார். "மேல என்னமோ கட்டிப்போட்டிருக்கறீங்க."

அவசரக் கூட்டம் கூடியது. தினம் ஒரு குடம் தண்ணீரை எர்த் குழியில் ஊற்றும் "திருப்பணி" சாந்தாமணியிடம் ஒப்படைக்கப்பட்டது. தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று அந்த வட்டாரத்தில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் இல்லை. பதிலுக்கு, லாரித் தண்ணீரைத் தொட்டியில் நிரப்பி, சுவருக்கு வெளியே அவருக்கு ஒரு குழாய் வைத்துத் தருவதாக மோகன்குமார் வாக்களித்தார்.

"எப்பங்க மொதலாளி?"

"அடுத்த மீட்டிங்குல பாஸ் பண்ணிப்போடறோம் அம்மணி."

சாந்தாமணி நம்பினார். தன் பிழைப்புக்குக் கொண்டுவரும் தண்ணீரில் ஒரு குடத்தைத் தினமும் எங்கள் குழியில் கவிழ்த்தார். அடுத்த மீட்டிங்கில் கோபுரத்துக்கு வர்ணம் பற்றிப் பேசினோம். அதற்கடுத்ததில் திறப்பு விழாக் கல்வெட்டில் யார் பெயர் முதலில் வருவது என்று பேசினோம். அந்த விவாதம் நல்ல தரத்தில் இருந்தது.

புனித வெள்ளி வந்தது. உச்சி வெயிலில் தொடங்கி மூன்று மணி வரை, சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளையும் ஏழு பேர் தியானிக்கும் ஆராதனை. கோபுரத்தின் அடியிலேயே ஷாமியானா போட்டோம். எல்லோரும் வெள்ளை உடுப்பு. எல்லோரும் உபவாசம், அதனால் யாரும் தண்ணீர் கொண்டுவரவில்லை. விடுமுறை என்பதால் லாரியும் வரவில்லை.

ஐந்தாம் வார்த்தை மோகன்குமாருக்கு. தாகம் என்று ஆண்டவர் சொன்ன வார்த்தை.

அவர் அற்புதமாகப் பேசினார். வானத்தையும் பூமியையும் உண்டாக்கியவருக்கே ஒரு மிடறு தண்ணீர் தர ஆளில்லாமல் போனதைச் சொல்லும்போது பெண்கள் பக்கம் விசும்பல் கேட்டது. "அந்தக் கல் மனசுக்காரங்கள நெனச்சுப் பாருங்க!" என்று மேலே கையை உயர்த்தினார். அத்தோடு தொண்டை அடைத்துக்கொண்டது. இருமினார். மறுபடி இருமினார். மைக்கில் அது இடிபோலக் கேட்டது.

அந்த நேரம் பார்த்து, இடுப்பில் குடத்தோடு சாந்தாமணி ஷாமியானாவின் ஓரமாக வந்தார். குழிக்கு ஊற்றும் நேரம் அது.

"அம்மணி…" மோகன்குமார் மைக்கை விட்டுவிட்டு மேடையிலிருந்து இறங்கியே வந்துவிட்டார். "ஒரு வாய் தண்ணி குடு அம்மணி."

சாந்தாமணி நின்றார். "கொழா என்னாச்சுங்க மொதலாளி?"

"அடுத்த மீட்டிங்குல… கண்டிப்பா…"

"அப்பத் தண்ணியவும் அடுத்த மீட்டிங்குல பாத்துக்கலாமுங்க" என்றார் சாந்தாமணி, மிகுந்த மரியாதையோடு. "இது குழிக்குங்க. கமிட்டி உத்தரவு. வேற காரியத்துக்குப் போகக் கூடாதுன்னு சாருதான் சொல்லிக் குடுத்தாரு."

என்னைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். பிறகு குழியின் மூடியை நகர்த்தி, ஒரு சொட்டு சிந்தாமல், முழுக் குடத்தையும் ஊற்றினார். காய்ந்த மண் அதைக் குடிக்கும் சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. போதகர் மட்டும் தலையைக் குனிந்திருந்தார். அவர் ஜெபித்தாரா சிரித்தாரா என்று தெரியவில்லை.

சாந்தாமணி வெறும் குடத்தோடு போனார். மறுநாளிலிருந்து வரவில்லை.

ஆராதனை முடிந்ததும் என் கடமையைச் செய்தேன். மீட்டரை மாட்டிப் பார்த்தேன். முள் நேராகப் பச்சைக்குள் போய் அசையாமல் நின்றது. என் அனுபவத்தில் அத்தனை சுத்தமான எர்த்தை நான் பார்த்ததில்லை. ஆகவே சந்தேகமில்லாமல் சொல்கிறேன்: வானமும் பூமியும் துடியலூரில் இணைந்தன. அந்த மூன்று மணி நேரமும் அவை இரண்டுக்கும் சரியாக நடுவில் நின்றுகொண்டு, இரண்டோடும் தொடர்பில்லாமல் இருந்தவை நாங்களும் பொன் பூசிய அந்தப் பம்ப்பும் மட்டுமே.